மச்சான் சொன்ன மஞ்சள்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
10.03.2024

அன்புள்ள மச்சான் ஜெயந்தனுக்கு,

மெல்ரோய் எழுதுவது. உமது மனைவியும் என் ஒரே தங்கையுமான தினுஷா சுகம். என் மனைவி மரியம்மா சுகம். என் வலக்கால் மட்டும்தான் சுகமில்லை. பாலைவனத்தில் உமது உடம்பை ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும்.

நீர் அனுப்பிய பெட்டி கிடைத்தது. நான் கப்பலுக்குப் பெயின்ற் அடிக்கிற பலகையிலிருந்து விழுந்து, கால் முறிந்து, மாவுக்கட்டோடு கட்டிலில் கிடக்கிறேன். இப்படிக் கிடக்கிற மனிதனுக்கு ஓமானில் இருக்கிற மச்சான் என்ன அனுப்புவான்? நல்ல பேரீச்சம்பழம் அனுப்புவான். நீர் யுத்த டாங்கி அனுப்பியிருக்கிறீர்! பெட்டியின் மேலிருந்த படத்தைப் பார்த்ததும் மரியம்மா நெஞ்சில் சிலுவை போட்டாள். "இத்தினை வருசம் றோட்டில கண்டது போதாதெண்டு இப்ப வீட்டுக்குள்ளயும் கொண்டு வாறீங்களோ?" என்று கேட்டாள். பிளாஸ்டிக் என்று சொல்லி, ஒரு துண்டைக் கையில் கொடுத்துக் காட்டிய பிறகுதான் தேத்தண்ணி வந்தது.

உங்கள் எரிவாயுக் கிணற்றில் வேலை செய்த ஜெர்மன் எஞ்சினியர் ஊருக்குப் போகும்போது விட்டுப்போன பெட்டி என்று எழுதியிருந்தீர். இரண்டாம் உலக யுத்தத்தில் லிபியாப் பக்கத்துப் பாலைவனத்தில் ஜெர்மன்காரன் ஓட்டிய டாங்கியாம். முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவு. துண்டுகளை எண்ணத் தொடங்கி இருநூற்றோடு விட்டுவிட்டேன். நீரே செய்திருக்கலாமே, ஏன் எனக்கு அனுப்பினீர்? உமக்குத்தான் சின்ன வயதிலிருந்தே இந்தப் பொடி வேலைகளில் பைத்தியம்.

சரி, செய்து பார்க்கிறேன். யன்னலால் துறைமுகத்தையும் மா ஆலைக்குக் கோதுமை கொண்டுவருகிற கப்பலையும் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது.

எப்போது வருகிறீர் என்று தினுஷா கேட்கச் சொல்லவில்லை. நான் கேட்கிறேன். நாலு வருடம் ஆகிவிட்டது.

உமது ஒற்றைக்கால் மச்சான்,
மெல்ரோய்

---

ஓமான்
02.04.2024

பிரியமுள்ள மச்சானுக்கு,

உமது கடிதம் நேற்று வந்தது. நான் நல்ல சுகம். உமது கால் எலும்பு ஒட்டுவதற்கு வேண்டிக்கொள்கிறேன்.

எனக்கு நேரமில்லை மச்சான், அதுதான் பெட்டியை உமக்கு அனுப்பினேன். விடிந்தால் தண்ணீர் பவுசரை எடுக்க வேண்டும். எண்பது கிலோமீற்றர் போய் முகாமுக்குத் தண்ணீர் கொண்டுவர வேண்டும். பாதை என்று ஒன்று இல்லை. இரண்டு பக்கமும் தகர பீப்பாக்கள் வைத்திருக்கிறார்கள், அவற்றுக்கு நடுவே போவதுதான் பாதை. காற்று அடித்தால் பீப்பாவும் தெரியாது. அந்த நேரம் எஞ்சினை நிறுத்திவிட்டு இருப்பேன். மணல் கண்ணாடியில் மெல்ல உரசுகிற சத்தம் கேட்கும். தினுஷா பக்கத்துச் சீற்றில் இருந்து சேலை மடிக்கிறாள் போல இருக்கும். திரும்பிப் பார்க்க மாட்டேன். பார்த்தால் போய்விடுவாள்.

கிணற்றடியில் போன் பாவிக்க விடமாட்டார்கள் என்று உமக்குத் தெரியும். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பட்டணத்துக்குப் போனால் பத்து நிமிடம் கதைக்கலாம். அந்தப் பத்தும் அவளுக்கு. ஆகையால் உம்மோடு கடிதம்தான், கோபிக்கக் கூடாது.

டாங்கி எப்படிப் போகிறது என்று எழுதும். மரியம்மா அக்காவை விசாரித்ததாகச் சொல்லும்.

அன்புடன்,
ஜெயந்தன்

---

திருகோணமலை
28.04.2024

மச்சான்,

கட்டு வெட்டியாயிற்று. ஊன்றுகோலோடு குசினி வரைக்கும் போய் வருகிறேன். உயிர்த்த ஞாயிறுப் பூசையை யன்னலடியில் இருந்தபடி ஒலிபெருக்கியில் கேட்டேன். மற்றபடி எல்லோரும் நலம்.

டாங்கிக்கு உடம்பு வந்துவிட்டது. சில்லுகள் வந்துவிட்டன. சங்கிலி மட்டும் என் உயிரை எடுக்கிறது. ஒவ்வொரு கண்ணியும் அரிசிப் பருமன், அதில் ஒன்று பறந்து போய் மரியம்மாவின் மீன்குழம்புக்குள் விழுந்துவிட்டது.

பெயின்ற் விஷயத்தில் எனக்கு யாரும் புத்தி சொல்லத் தேவையில்லை என்றுதான் நினைத்தேன். வீடியோவில் பார்த்தால் அதற்கும் ஒரு முறை இருக்கிறது. அந்த டாங்கிகள் ஜெர்மனியிலிருந்து சாம்பல் நிறத்தில் வந்து இறங்கி, பாலைவனத்தில் வைத்துத்தான் மஞ்சள் அடிக்கப்பட்டனவாம். ஆகையால் முதலில் சாம்பல் அடித்து, அதன்மேல் தலைமயிருக்கு அடிக்கிற ஸ்பிரேயை அடித்து, அதற்கு மேல் மஞ்சள் அடித்து, காய்ந்ததும் ஈர பிரஷ்ஷால் உரசினால் அங்கங்கே சாம்பல் தெரியும். தினுஷா தன் மணப்பெண் அலங்கார வேலைக்கு வைத்திருந்த ஸ்பிரேயைக் கொண்டுவந்து தந்தாள். "ஒரு பொம்பிளைக்குக் கொண்டை போட மட்டும்தான் மிச்சமிருக்கு, முடிச்சிடாதீங்க அண்ணா" என்றாள். முடித்துவிட்டேன்.

சாம்பல் அடித்ததும், பழசாகத் தெரியட்டும் என்று மூலை முடுக்கெல்லாம் துரு வைத்தேன். ஆணிக்கு ஆணி, செம்மண் நிறம், கீழே வழிந்த மாதிரி. முப்பது வருடம் கப்பலில் சுரண்டிய துரு எனக்குத் தெரியாதா? பார்த்தால் நேரே எங்கள் கரையில் கிடக்கிற பழைய வள்ளம்தான்.

இனி மஞ்சள் அடிக்க வேண்டும். அந்த மணல் என்ன நிறம்? டாங்கி ஓடியது லிபியாவில், நீர் இருப்பது ஓமானில், அது எனக்குத் தெரியும். லிபியாவில் எனக்கு மச்சான் இல்லை. நீர் சொல்கிற நிறத்தைத்தான் அடிப்பேன்.

அன்பு மச்சான்,
மெல்ரோய்

---

ஓமான்
19.05.2024

பிரியமுள்ள மச்சானுக்கு,

சுகமாயிருக்கிறேன், நீங்களும் அப்படியே இருங்கள்.

துரு வைத்தீரா! இரண்டு நாள் சிரித்தேன். மச்சான், இங்கே துரு கிடையாது. முகாமுக்கு வெளியே பழைய லொறி ஒன்று கிடக்கிறது, நான் பிறக்க முன்பே கைவிட்டதாம். தடவிப் பார்த்தேன், நேற்று நிறுத்தியது போல வழுவழுப்பாக இருந்தது. ஈரமில்லாத ஊரில் இரும்பு எப்படித் துருப்பிடிக்கும்? அதைச் சுரண்டி எடும்.

மணலின் நிறம் கேட்டீர். தேன் நிறம். பழைய தேன், போத்தலின் அடியில் கிடக்கிற தேன். வானமும் அதே நிறம். கொடியில் காய்கிற என் வெள்ளைப் பெனியனும் அதே நிறம்தான். தூசு எல்லாவற்றிலும் படிந்துவிடுகிறது என்று நினைக்கிறேன். பொழுதுபட்டு விளக்குப் போட்டால் ஒவ்வொரு விளக்கையும் சுற்றி ஒரு வட்டம் நிற்கிறது, கோயிலில் சுரூபத்தின் தலைக்குப் பின்னால் இருக்குமே, அது மாதிரி. அந்த நேரம் இந்த இடத்தை விட்டு வர மனமில்லாமல் போகிறது. அழகான இடம் மச்சான்.

டிசம்பரில் என் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடம் கேட்கலாம் என்று யோசிக்கிறேன். தினுஷாவிடம் இப்போது சொல்ல வேண்டாம்.

ஜெயந்தன்

---

திருகோணமலை
16.06.2024

மச்சான் ஜெயந்தனுக்கு,

நாங்கள் சுகம். சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

இரண்டு வருடமா? கல்யாணம் கட்டி ஏழு வருடம், அதில் நாலு வருடம் மணலில். உமக்கு என்ன விசரா? ஞாயிற்றுக்கிழமைகளில் தினுஷா பூசை முடிந்து வந்து இந்தக் கதிரையில் இருந்து டாங்கியையே பார்த்துக்கொண்டிருப்பாள். நீர் சொன்ன தேன் நிறத்தைக் கலக்க எனக்கு மூன்று நாள் எடுத்தது. வள்ளத்துக்கு அடிக்கிற மஞ்சள், கொஞ்சம் மண்ணிறம், ஒரு துளி சிவப்பு. அடித்து முடித்ததும் அவள் விரல் வைத்துப் பார்த்தாள். "அவர் இருக்கிற இடம் முழுக்க இப்பிடியா அண்ணா இருக்கும்?" என்று கேட்டாள். ஓம் என்றேன். "வடிவுதான்" என்று சொல்லிவிட்டு முகத்தை மற்றப் பக்கம் திருப்பினாள். அவளிடம் நான் எப்படி இரண்டு வருடம் என்று சொல்வது? சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். நீர் டிசம்பரில் வருகிறீர், அவ்வளவுதான்.

நேற்றுப் பின்னேரம் நோக்குளிசை போட்டுவிட்டுப் படுத்தேன். கண்ணை மூடினேனோ இல்லையோ, துறைமுகம் முழுக்க மணலாகிவிட்டது. கப்பல்கள் எல்லாம் மணலில் நிற்கின்றன, ஒருவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கிண்ணியாப் பக்கத்திலிருந்து உமது பவுசர் வருகிறது. அதன் மேலே தினுஷா குடை பிடித்துக்கொண்டு இருக்கிறாள். நான் கரையில் நின்று கையைக் காட்டுகிறேன், நீர் என்னைக் காணாமல் நேரே போய்க்கொண்டே இருக்கிறீர். எழும்பின பிறகும் கொஞ்ச நேரம் காலில் மணல் ஒட்டியிருக்கிற மாதிரியே இருந்தது.

இன்னொன்று. ஓமானில் கடதாசி சும்மா தருகிறார்களா? முந்தி ஒரு பக்கத்துக்கு இருபத்தைந்து வரி எழுதுவீர். போன கடிதத்தில் பக்கத்துக்கு ஒன்பது வரிதான். எழுத்து ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவு.

கோபத்தோடு,
மெல்ரோய்

---

ஓமான்
28.07.2024

மச்சானுக்கு,

சுகம். நீங்கள் எல்லோரும் சுகமென்று நம்புகிறேன்.

எழுத்துப் பெரிதானதற்குக் காரணம் பேனை. தடித்த பேனை.

என்னோடு வேலை செய்கிற கிண்ணியா ஹிஸ்புல்லா லீவில் வருகிறார். ஒரு போத்தலில் மணல் கொடுத்துவிடுகிறேன். டாங்கியின் கீழே பரப்பும்.

டிசம்பரைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

ஜெயந்தன்

---

திருகோணமலை
22.09.2024

அன்புள்ள ஜெயந்தன்,

மரியம்மாவும் தினுஷாவும் சுகம். உமது சுகத்தை நீர் சொல்லித் தெரிந்துகொள்கிற காலம் போய்விட்டது. இனி நான் சொல்கிறேன்.

போன புதன்கிழமை ஹிஸ்புல்லா வந்தார். நல்ல மனிதன். உம்மைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் "நல்லா இருக்கிறார், நல்லா இருக்கிறார்" என்று நிலத்தைப் பார்த்தே பதில் சொன்னார். டாங்கியைக் காட்டினேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இது ஜெயந்தன் சொன்ன நிறமா?"

"ஓம், அவர் சொன்ன மாதிரியே கலந்தனான்."

"எங்கட மணல் இப்பிடி இல்லையே, மெல்ரோய்."

போத்தலை எடுத்து டாங்கிக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு, நேரம் போகிறது என்று எழும்பிவிட்டார். மரியம்மா ஊற்றிய தேத்தண்ணியைக்கூடக் குடிக்கவில்லை.

மச்சான், போத்தலில் இருக்கிற மணல் வெள்ளைக்குப் பக்கத்தில் நிற்கிற நிறம். மாப்பால் போட்ட தேத்தண்ணியில் இன்னும் இரண்டு பங்கு பால் விட்டால் வரும். தேனாம் தேன்!

எங்கள் கப்பல் யார்டில் ஸெய்னுதீன் என்று ஒரு மூத்தவர் இருக்கிறார், நானா என்றுதான் கூப்பிடுவோம், என்னோடு பெயின்ற் அடிக்கிறவர். மூன்று வருடத்துக்கு முன் ஒரு வள்ளத்துக்கு வெள்ளை அடிக்கச் சொன்னார்கள். அவர் கலந்து அடித்தார். நீலம் கலந்து கலந்து அடித்தும் வெள்ளை வரவில்லை என்று அவருக்குத் தீராத குறை. பிறகு கண்ணில் வெண்புரை என்று ஒப்பரேஷன் செய்தார்கள். கட்டு அவிழ்த்து யார்டுக்கு வந்தவர் அந்த வள்ளத்தைப் பார்த்துவிட்டு, "ஆருடா இதுக்கு நீலம் அடிச்ச?" என்று சத்தம் போட்டார். "நீங்கதான் நானா!" என்றோம். புரை விழுந்த கண்ணுக்கு எல்லாமே மஞ்சளாகத் தெரியுமாம். விளக்கைச் சுற்றி வட்டம் தெரியுமாம். இரண்டையும் அவர் வாயால் கேட்டிருக்கிறேன். நீர் இரண்டையும் எழுதி அனுப்பியபோது, அழகாயிருக்கிறது என்று தினுஷாவுக்கு வாசித்துக் காட்டினேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

உமக்குக் கண் தெரியவில்லை. அதனால்தான் பெட்டியை எனக்கு அனுப்பினீர். தெரியாத கண்ணோடு பவுசர் ஓட்டுகிறீர்! பக்கத்தில் இருந்திருந்தால் உம்மை அடித்திருப்பேன், பிறகு கட்டிப்பிடித்து அழுதிருப்பேன். வேலையை விட்டுவிட்டு வாரும். இது சுகப்படுத்தக்கூடிய விஷயம் ஐயா!

டாங்கியின் ஒரு பக்கத்தை மட்டும் போத்தல் மணலின் நிறத்துக்கு மாற்றினேன். மற்றப் பக்கத்தில் கை வைக்க மனம் வரவில்லை. தினுஷாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. ஹிஸ்புல்லா திரும்பி வரும்போது இந்தக் கடிதத்தைக் கையில் தருவார்.

மெல்ரோய்

---

திருகோணமலை
27.10.2024

மச்சான்,

ஐந்து கிழமை, ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. பதில் இல்லை. நீர் கோபமாக இருந்தாலும் இரும், உயிரோடு இரும். தினுஷாவை இந்த மாதமும் போனில் பத்து நிமிடம் கூப்பிட்டிருக்கிறீர் என்று அறிந்துதான் மூச்சு வந்தது. ஒன்றும் நடக்காத மாதிரிக் கதைத்தீராம்.

நான் ஒருவருக்கும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். மரியம்மாவுக்கும் தெரியாது.

நான் பலகை வழுக்கி விழவில்லை. அதற்கு மூன்று கிழமைக்கு முன்பிருந்தே எனக்குத் தலை சுற்றிக்கொண்டிருந்தது. உயரத்தில் நிற்கும்போது கப்பல் ஒரு பக்கம் சரிகிற மாதிரி வரும், கயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பேன். சொன்னால் தரையில் இறக்கிவிடுவார்கள், நேற்று வந்தவனுக்கு பிரஷ் கழுவிக் கொடுக்கிற வேலை தருவார்கள். அந்த வெட்கத்தில் வாயைத் திறக்கவில்லை. விழுந்தபோது எனக்கு நேரே கீழே பலகைக் கயிற்றைப் பிடித்தபடி ஸெய்னுதீன் நானா நின்றார். என் முழங்கால் அவருடைய தொப்பியைத் தட்டிக்கொண்டு போனது. தலையிலிருந்து தொப்பி மட்டும்தான் போனது. அவர் என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு "அல்லாஹ், அல்லாஹ்" என்று அழுதார். பாவம், தன்னால்தான் பலகை ஆடியது என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார். வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் அவரிடம் போய்ச் சொல்லப் போகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

நீர் ஓட்டுகிற பாதையிலும் யாராவது நிற்பார்கள் ஜெயந்தன். தொப்பியோடு போகாது.

மெல்ரோய்

---

ஓமான்
20.11.2024

பிரியமுள்ள மச்சானுக்கு,

இது ஹிஸ்புல்லாவின் கையெழுத்து. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். ஜூலை மாதத்திலிருந்து உமது கடிதங்களை எனக்கு வாசித்துக் காட்டுவதும் அவர்தான். ஒருவருக்கும் சொல்வதில்லை என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். அவர் கொண்டுவந்த கடிதத்தை அவரே வாசித்து முடித்துவிட்டு, "நான் சொல்லேல்ல ஜெயந்தன், மணலை மட்டும்தான் வச்சிட்டு வந்த" என்றார். அன்றைக்கு அவரோடு கதைக்கவில்லை. எழுதுகிறவர் இந்த இடத்தில் சிரிக்கிறார்.

போன வருடக் கண் பரிசோதனையில் எழுத்துப் பலகையைப் பாடமாக்கிக்கொண்டு போய் ஒப்புவித்தேன். எனக்கு முன்னால் நின்றவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டே பாடமாக்கினேன். பீப்பாக்களைக் கண்டு பல மாதம். சில்லின் சத்தத்தைக் கேட்டு ஓட்டினேன், இறுகிய மணலில் ஒரு சத்தம், இளகிய மணலில் இன்னொரு சத்தம். என்னைப் பற்றி எனக்கே பெருமையாகக்கூட இருந்தது. பிறரின் கையைப் பிடித்து நடக்கிற ஆளாக வீட்டுக்கு வர வெட்கப்பட்டேன். அதுதான் உண்மை.

உமது கடைசிக் கடிதத்தை வாசித்துக் கேட்ட அடுத்த நாள் பவுசரில் ஏறி இருந்தேன். எஞ்சினைக் கிளப்பினேன். முன்னால் யாரும் நிற்கிறார்களா என்று பார்த்தேன். நிற்கிறார்களா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. எஞ்சினை நிறுத்தி, திறப்பை உருவிக்கொண்டு இறங்கிப் போய் முகாம் பொறுப்பாளரின் மேசையில் வைத்துவிட்டேன். டொக்டர் இரண்டு கண்ணிலும் டோர்ச் அடித்துப் பார்த்து, வெண்புரை நன்றாக முற்றிவிட்டது, ஊரில் போய் ஒவ்வொன்றாக எடுக்கலாம் என்றார். இவ்வளவு நாள் எப்படி ஓட்டினாய் என்று கேட்டார்.

டிசம்பர் முப்பதாம் தேதி பின்னேரம் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்குகிறேன். ஒரு பிரச்சினை இருக்கிறது மச்சான். இப்போது முகங்கள் எனக்கு நிழல்தான். அவ்வளவு சனத்துக்குள் என் மனைவியை நான் கண்டுபிடிக்க மாட்டேன். தேடித் தேடி வேறு யாரையும் பார்த்துச் சிரித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நான் வெளியே வந்து நிற்கிற இடத்திலேயே நிற்கிறேன். அவளை என் பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லும். குரல் எனக்குத் தெரியும். என் கண்ணைப் பற்றியும் நீரே சொல்லிவிடும். எனக்குத் தைரியம் வரவில்லை.

ஜெயந்தன்
(எழுதியவர் ஹிஸ்புல்லா. எல்லோருக்கும் என் ஸலாம். தேத்தண்ணி குடிக்காமல் வந்ததற்கு மன்னிக்கவும்.)

---

திருகோணமலை
04.12.2024

அன்புள்ள உங்களுக்கு,

தினுஷா எழுதுகிறேன். நான் நல்ல சுகம். நீங்கள் சுகம் என்று இனிமேல் எழுத வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன். அண்ணா ஊன்றுகோலை விட்டுவிட்டு நடக்கிறார். ஸெய்னுதீன் நானா ஒரு கிழமை அவரோடு கதைக்கவில்லை, முந்தநாள் மீன் கொண்டுவந்து தந்தார்.

இந்தக் கடிதத்தையும் ஹிஸ்புல்லா நானாதான் வாசிக்கப் போகிறார். ஏழு வருடத்தில் நான் உங்களுக்கு எழுதுகிற முதல் கடிதத்தை இன்னொரு ஆம்பிளை வாசித்துக் காட்ட வேண்டியிருக்கிறது, இதைவிடக் கூத்து உண்டா? நானா, குறை நினைக்க வேண்டாம். எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, அதை எல்லாம் இவர் வந்த பிறகு சொல்கிறேன்.

அண்ணா எல்லாவற்றையும் சொன்னார். அழுதேன். பிறகு சரியான கோபம் வந்தது. பத்து நிமிடத்தில் ஒரு நிமிடம் ஒதுக்கி, "எனக்குக் கண் தெரியேல்ல தினுஷா" என்று சொல்ல உங்களுக்கு ஏலாமல் போனதே! கையைப் பிடித்து நடக்க வெட்கமாம். கல்யாணம் முடிந்து கோயிலால் வெளியே வரும்போது யாருடைய கையைப் பிடித்துக்கொண்டு வந்தீர்கள்?

பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லியிருக்கிறீர்கள். நான் உங்களை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இஞ்சேருங்கோ" என்றுதான் கூப்பிடுகிறேன். போனிலும் அப்படித்தான். அந்த வாசலில் நின்று "இஞ்சேருங்கோ" என்றால் பாதி ஆம்பிளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். ஆகையால் நேற்றுக் குசினிக் கதவைச் சாத்திவிட்டுச் சொல்லிப் பழகினேன். முதல் தரம் வாய் வரவில்லை. இரண்டாம் தரம் சிரிப்பு வந்தது. மூன்றாம் தரம் மரியம்மா அண்ணி கதவைத் தட்டி, "ஆரோட கதைக்கிற?" என்று கேட்டாள். அவள் போன பிறகுதான் ஒழுங்காக வந்தது.

ஹிஸ்புல்லா நானா, கடைசி வரியை வாசிக்கும்போது நீங்கள் சிரிக்கக் கூடாது. கொஞ்சம் சத்தமாக, ஒவ்வொரு நாளும் ஒரு தரம் வாசித்துக் காட்டுங்கள். வாசலில் நான் இப்படித்தான் கூப்பிடுவேன், இவர் கேட்டுப் பழகட்டும்.

ஜெயந்தன், நான் இஞ்ச நிக்கிறன்.